ஒரு வாளித் தண்ணீரும் பதின்மூன்று குதிரையும்

உங்கள் பட்டறைக்குள் நுழைந்ததும் சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருக்கும் காகிதங்களைத்தான் முதலில் பார்த்தேன். வண்டியை உருளை மேல் ஏற்றி முடுக்கினால் கம்ப்யூட்டர் வரைந்து தருகிற கோடுகள். கோட்டின் உச்சியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு இத்தனை குதிரைத்திறன் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்க அழகாக இருக்கிறது. உங்களில் ஒருவர் என்னிடம், "உங்க காலத்துல இந்த மிஷின் எல்லாம் இல்லாம எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். கேட்ட குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தை வேறு யாருக்காவது வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் நன்றாகவே அளந்தோம். அளந்த பிறகு அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில்தான் தொழிலே இருக்கிறது. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. பம்பாய் தாராவியில் மெயின் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் எனக்கும் சுடலைக்கும் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை. சுடலை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியிலேயே ஊன்றிவிட்டவன். லேத் அவன் பொறுப்பு, எஞ்சின் என் பொறுப்பு. நான் பக்கத்து மாதுங்காக்காரன். வீட்டில் எல்லோரும் கோட்டைப் பக்கம் ஆபீசுக்கு ரயிலேறிப் போகிறவர்கள். ஷார்ட்ஹேண்ட் படித்த பிள்ளை கிரீஸ் கையோடு வீடு திரும்புவதை என் அப்பா ஒருவிதக் காய்ச்சல் என்றே நினைத்தார். சில நாளில் தானாக இறங்கிவிடும் என்று காத்திருந்தார். இறங்கவில்லை.

எங்கள் அளக்கும் யந்திரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் கனமான இரும்பு உருளை ஒன்றைப் பூட்டுவோம். உருளையைச் சுற்றி எருமைத் தோல் வார். தோலுக்குத் தாராவியில் பஞ்சமா? வாரின் ஒரு முனையை மேலே உத்தரத்தில் தொங்கும் வில் தராசில் மாட்டி, மறுமுனையில் எடைக்கற்களைத் தொங்கவிடுவோம். கல்லைக் கூட்டக் கூட்ட வார் உருளையை இறுக்கும், எஞ்சின் முக்கி முனகும். எந்தச் சுற்று வேகத்தில் எவ்வளவு இழுவையைத் தாங்குகிறது என்று பார்த்தால் குதிரைத்திறன் கணக்கில் வந்துவிடும். சுற்று எண்ணும் கடிகாரம் பருத்தி மில்லில் நூல் நூற்கும் கதிர்களின் வேகம் பார்க்க வைத்திருப்பது. அங்கே ஃபிட்டராக இருந்த நண்பர் தன் வார விடுமுறையான சனிக்கிழமை அன்று மட்டும் அதைக் கொண்டுவருவார். அதனால் எங்களுக்குச் சனிக்கிழமைதான் அளக்கும் நாள்.

வார் உருளையில் உராய்ந்து தீயாமல் இருக்க மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் காலையில் மட்டும் வரும். அதில் எங்கள் பட்டறைக்கு ஒரு வண்டிக்கு ஒரு வாளி என்று சந்திலிருந்த பெண்கள் கட்டளை போட்டிருந்தார்கள். அதை மீறும் துணிச்சல் சுடலைக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆகவே வாளி காலியாகும்போது சோதனையும் முடிந்துவிடும். கிடைத்த எண்ணைச் சுடலை சாக்பீஸால் பெட்ரோல் டாங்கின் மேல் பெரிதாக எழுதுவான். வண்டிக்காரர் ஒரு வாரத்துக்கு அதைத் துடைக்காமல் சுற்றுவார். சந்துக்குச் சந்து போட்டி. சனிக்கிழமைகளில் எங்கள் வாசலில் சின்னத் திருவிழாக் கூட்டமே இருக்கும்.

இனி காதர் பாய் விஷயத்துக்கு வருகிறேன். மேலப்பாளையத்துக்காரர். பல வருஷம் தாராவியில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில், முடி கழற்றுவதற்காகத் தோல்களை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். அந்தத் தண்ணீர் கையைத் தின்றுவிடும். விரலிடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகி, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்ட மனிதர். அதிலிருந்து தப்பிக்க யுத்த காலத்துப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். பக்கத்தில் ஆள் உட்காரும் சைடுகார் தொட்டியை எடுத்துவிட்டுத் தகரப் பெட்டி ஒன்றை வைத்தார். அதில் அவர் ஏற்றிப் போனது சினிமா ரீல்.

இது உங்களுக்குப் புதிதாக இருக்கும். அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தியேட்டரை வாடகைக்குப் பிடித்துத் தமிழ்ப் படம் காட்டுவார்கள். பம்பாய்க்கு வருவது ஒரே ஒரு பிரதி. மாதுங்காவில் எல்லோரும் மாமா என்று கூப்பிடுகிற வெங்கிட்டு மாமா அதை ஒரே காலையில் இரண்டு இடத்தில் ஓட்டுவார். மாஹிமில் படம் முன்னால் தொடங்கும். அங்கே ஓடி முடிந்த ரீல்களைக் கட்டுக் கட்டாகச் செம்பூருக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே முந்தின கட்டு முடிவதற்குள் அடுத்தது போய்ச் சேராவிட்டால் திரை வெள்ளையாகிவிடும். ஜனங்கள் நாற்காலியைத் தூக்குவார்கள்.

வழியில் ரயில் பாதைக்கு மேலே ஏறி இறங்கும் சயான் பாலம். காதர் பாயின் வண்டி அந்த ஏற்றத்தில் இரண்டு ஞாயிறு தொடர்ந்து நின்றுபோனது. இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். இரண்டு முறையும் செம்பூரில் வெள்ளைத் திரை. புதன்கிழமை அவர் எங்கள் பட்டறைக்கு வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"வார ஞாயித்துக்கெழம புதுப்படம் தம்பி. இன்னொரு தடவ திரை வெள்ளையாச்சுன்னா டாக்ஸி வச்சுக்கிடுவேன்னு மாமா சொல்லிட்டாரு" என்றார். பிறகு இரண்டு கைகளையும் என் முன் விரித்தார். "இந்தக் கையப் பாருங்க. இப்பத்தான் தோலு மூடியிருக்கு. இந்த ஓட்டம் போச்சுன்னா எனக்குத் திரும்பவும் சுண்ணாம்புத் தொட்டிதான். வேற என்ன தெரியும் எனக்கு?"

நான் கையைப் பார்த்தேன். ஏறவைத்துத் தருகிறேன் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது இருந்த தைரியத்துக்கு, வெறும் பாலம் என்ன, கண்டாலா மலை என்று சொல்லியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

எஞ்சின் கிழம். வால்வுகள் சரியாக மூடவில்லை, பிஸ்டன் வளையம் தேய்ந்து புகை கக்கியது. எல்லாவற்றையும் பிரித்துச் சரிசெய்து சனிக்கிழமை காலை வாரில் போட்டோம். பதினொன்று காட்டியது. வந்த நிலையில் எட்டுகூடத் தேறியிருக்காது. நான் திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் வாசலில் நின்ற கூட்டத்துக்குத் திருப்தியில்லை. போன வாரம் பக்கத்துச் சந்து வண்டி ஒன்றின் டாங்கில் பதின்மூன்று எழுதியிருந்தோம். காதர் பாய் அதைப் பார்த்திருக்கிறார்.

"அவனுக்குப் பதிமூணு, எனக்குப் பதினொண்ணா? எனக்குல்லா பாலம் ஏறணும்" என்றார்.

சுடலைக்கு இது போதும். சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றி லேத்தில் போட்டுச் சீவினான். ஹெட்டின் அடிப்பாகத்தைச் சீவினால் சிலிண்டருக்குள் இடம் குறைந்து, பெட்ரோல் புகை இன்னும் இறுகி, வெடிப்பு பலமாகும். நானும் தீப்பொறி பறக்கும் நேரத்தை ஒரு மயிரிழை முன்னே தள்ளினேன். அடுத்த வாளிக்கு, சந்தில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குப் பிடித்து வைத்திருந்த தண்ணீரைச் சுடலை எப்படியோ கெஞ்சி வாங்கினான். கல்லை ஏற்றினோம். தராசு முள் ஏறி நின்றது. கணக்குப் போட்டால் பதின்மூன்றேதான். வாசலில் விசில் பறந்தது. சுடலை டாங்கில் எழுதிய எண் சந்துக் கடைசியிலிருந்தே தெரிந்திருக்கும். காதர் பாய் வண்டியை உருட்டக் கைப்பிடியில் கை வைத்தார்.

"பாய், இருங்க" என்றேன். "இன்னும் முடியல."

எனக்கு உறுத்தியது அந்த வாளி. எண் பொய்யில்லை. ஆனால் அது ஒரு வாளித் தண்ணீர் தீரும் வரைக்குமான எண். காதர் பாயின் வண்டி மாஹிமிலிருந்து கிளம்பி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் கைவண்டிகளுக்குப் பின்னால் தாராவி முழுக்க ஊர்ந்து, எஞ்சின் கொதித்துப்போய், அதற்குப் பிறகுதான் பாலத்தில் கால் வைக்கும். கொதித்த எஞ்சினை எங்கள் பட்டறையில் ஒருநாளும் அளந்ததில்லை. அளக்கத் தண்ணீர் இருந்ததில்லை.

"அரை மணி நேரம் வார்ல இழுத்துச் சூடாக்கி, அப்புறம் அளக்கணும்" என்றேன்.

"தண்ணிக்கு எங்க வே போவ?" என்றான் சுடலை. "கொழாய் மூடி எத்தன நேரம் ஆச்சு."

தோல் ஷாப்பில் கிணறு இருந்தது. எல்லோருக்கும் தெரியும். காதர் பாய் வேலை பார்த்து விட்டுவந்த அதே ஷாப். அவர் கேட்டால்தான் கொடுப்பார்கள். அவர் இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு நடந்தார். திரும்பி வந்தபோது தண்ணீர் இருந்தது, முகம்தான் சரியில்லை.

"மேஸ்திரி சிரிக்கான் தம்பி. 'வந்துட்டியா காதரு, ஒந்தொட்டி காலியாத்தான் கெடக்கு'ங்கான்."

இன்னும் தண்ணீர் வேண்டும் என்றேன். மறுபடியும் போனார். மறுபடியும் மறுபடியும் போனார். கூட்டத்தில் நின்றவர்களும் குடத்தோடு அவர் பின்னால் போக ஆரம்பித்தார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீர் சூடான வாரில் பட்டு அன்று எங்கள் சந்தில் கிளம்பிய நாற்றம், தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர்களை மூக்கைப் பொத்த வைத்தது.

எஞ்சின் சூடேறச் சூடேறத் தராசு முள் இறங்க ஆரம்பித்தது. கணக்கில் பதின்மூன்று பன்னிரண்டானது. பத்தானது. பிறகு சிலிண்டருக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. உங்களுக்கும் தெரிந்த சத்தம்தான், பாட்டிலுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரி. சூட்டில் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை எதிர்த்துத் தட்டியது. கணக்கு எட்டுக்குக் கீழே போனதும் நான் எஞ்சினை அணைத்தேன்.

நான் டாங்கிலிருந்த பதின்மூன்றைக் கந்தலால் துடைத்தேன். காதர் பாய்க்குக் கோபம் வந்துவிட்டது.

"தண்ணி சொமந்தவன் நானு. எல்லார் முன்னாலயும் என் வண்டியக் கொறச்சுப்போட்டியளே தம்பி. சூடாகாமப் பாத்து ஓட்டிக்கிடுதேன். பதிமூணாவே குடுத்துருங்க."

"ஞாயித்துக்கிழமை தாராவியில சூடாகாம எப்படி பாய் ஓட்டுவீங்க?"

"அப்ப ஏறலைன்னா யாரு பொறுப்பு?"

"நான்தான். நாளைக்கு உங்க பின்னாடி நானே உக்காந்து வரேன்."

சுடலை என்னை மேலும் கீழும் பார்த்தான். மாதுங்கா மெஸ் சாப்பாடு அப்போது என் உடம்பில் நன்றாக ஒட்டியிருந்தது. "நீரு ஏறுனா இருக்க குதிரையும் படுத்துரும்" என்றான். அதற்குக் காதர் பாய்கூடச் சிரித்துவிட்டார். கோபம் தணிந்ததோ இல்லையோ, கைப்பிடியை விட்டுவிட்டார். அது போதும் எனக்கு.

சீவிய ஹெட்டுக்கு அடியில் செப்புத் தகடு வெட்டி வைத்து இடத்தைத் திரும்பக் கூட்டினோம். தீப்பொறியைப் பின்னுக்கு இழுத்தேன். மறுபடியும் சூடாக்கி அளந்ததில் பத்தரையில் நின்றது, எவ்வளவு நேரம் இழுத்தாலும் அதைவிட்டு இறங்கவில்லை. பிறகு இன்னொரு வேலை செய்தேன். செயினை ஓட்டும் முன்பக்கப் பல்சக்கரத்தை எடுத்துவிட்டு, பல் குறைந்த சக்கரம் ஒன்றை மாட்டினேன். சமதரையில் வேகம் குறையும், மேட்டில் இழுவை கூடும். இதற்கும் காதர் பாய் முணுமுணுத்தார். பாலம் தாண்டி செம்பூர் வரைக்கும் நேர் ரோடுதானே, அங்கே எல்லா வண்டியும் நம்மைத் தாண்டிப் போகுமே என்றார். போகட்டும் என்றேன். தாண்டிப் போகிற வண்டியில் நம் ரீல் இல்லை, நம் வண்டி பாலத்தில் நின்றால்தான் ரீல் நிற்கும்.

ஞாயிறு காலை முதல் கட்டு சுகமாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது கட்டில்தான் சோதனை. மாஹிமில் படம் நடுவில் அறுந்து, ஒட்டி ஓட்டுவதற்குள் நேரம் போய்விட்டது. பெட்டிகள் எங்கள் கைக்கு வந்தபோதே தாமதம். தாராவிக்குள் நான் பயந்த கூட்டம் அப்படியே இருந்தது. ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தபோது எஞ்சினின் அனல் என் பேண்டைத் தாண்டிக் காலில் அடித்தது.

பாலத்தில் பாதி ஏறியிருப்போம். முன்னால் தோல் கட்டு ஏற்றிய கைவண்டி ஒன்று மூச்சு வாங்க நின்றது. பின்னால் பஸ். காதர் பாய் பிரேக்கைப் பிடித்தார். ஏற்றத்தின் நடுவில், கொதிக்கிற எஞ்சினோடு, பெட்டி நிறைய ரீலோடு, என் உடம்போடு அசையாமல் நின்றோம். போன இரண்டு ஞாயிறும் வண்டி நின்ற இடம் அதற்குக் கொஞ்சம் மேலேதான். கைவண்டிக்காரர்கள் முட்டுக்கொடுத்து ஒருவழியாக ஓரம் போனார்கள். காதர் பாய் திரும்பாமலே கேட்டார்.

"எறங்கித் தள்ளுதியளா தம்பி?"

என் கால் ஏற்கனவே தரையைத் தொட்டிருந்தது. பயம் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் நான் இறங்கினால் அவர் இனி எந்த மேட்டிலும் இந்த எஞ்சினை நம்ப மாட்டார். எஞ்சினை நம்பாதவன் பாதி மேட்டில் பதறி முறுக்கிக் கிளட்சைத் தீய்த்துவிடுவான். காலை எடுத்து மிதியில் வைத்தேன்.

"தள்ள மாட்டேன். முறுக்காம கிளட்சை மெதுவா விடுங்க. அது இழுக்கும்."

விட்டார். வண்டி ஒருமுறை குலுங்கியது. எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு இழுக்கத் தொடங்கியது. தட்டும் சத்தம் வருகிறதா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வரவில்லை. ஓர் ஆள் நடக்கிற வேகம்தான், ஆனால் நிற்காத வேகம். பாலத்தின் உச்சி வந்தது, தாண்டியது. காதர் பாயின் பின்கழுத்து வியர்வையில் பளபளத்தது. எனக்கு இறங்கி அந்த எஞ்சினைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

செம்பூர் ரோட்டில் அவர் சொன்னபடியே எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு ஸ்கூட்டர்காரர் பின்னால் மனைவியையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு தாண்டினார். காதர் பாய் பல்லைக் கடித்துக்கொண்டு அதே வேகத்தில் போனார்.

தியேட்டர் வாசலில் வெங்கிட்டு மாமா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு டாக்ஸி, கதவு திறந்தபடி. அடுத்த கட்டுக்கு டாக்ஸியை அனுப்புவதென்று முடிவே பண்ணியிருந்தார். ஆபரேட்டரின் ஆள் ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான். நாங்கள் மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். உள்ளே பாட்டு முடிந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு வசனம் கேட்டது, யாரோ எதற்கோ சிரித்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. என் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

மாமா காதர் பாயைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "பாலத்தில நிக்கலயா?" என்று கேட்டார்.

"நின்னுச்சு சாமி. நின்னுட்டு ஏறுச்சு."

மாமாவுக்கு உடனே வியாபாரம் ஞாபகம் வந்துவிட்டது. "அப்படீன்னா கேட்டுக்கோ. இன்னும் தள்ளி முலுண்ட்ல ஒரு தியேட்டர் படிஞ்சிருக்காக்கும். அடுத்த ஞாயித்துக்கிழமை இங்கேருந்து அங்கயும் ரீல் போகணும். முடியுமோ முடியாதோ, இப்பவே சொல்லு. இல்லேன்னா அதுக்கும் சேத்து இவனையே பேசிடறேன்" என்று டாக்ஸிக்காரரைக் காட்டினார்.

எனக்குத் திக்கென்றது. நேற்றுவரை பதின்மூன்றுக்கு அடம்பிடித்த மனிதர். வேலை கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர். முடியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நேற்று என்றால் கேள்வி முடிவதற்குள் சொல்லியிருப்பார். காதர் பாய் எஞ்சின் மேல் உள்ளங்கையை அருகே கொண்டுபோய்ச் சூட்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இப்பச் சொல்ல மாட்டேன் சாமி. நாளைக்கு வண்டியச் சூடாக்கி, பெட்டியில இதே எடைக்குக் கல்ல ஏத்தி, ஒருக்க முலுண்டு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

முடியும், ஆகட்டும், கவலைப்படாதீர்கள் என்று மட்டுமே பம்பாய் முழுக்கக் கேட்டுப் பழகிய மனிதர் மாமா. அவர் டாக்ஸிக்காரரிடம் திரும்பி, "ஜாவ் பையா, ஸரூரத் நஹி", நீ போகலாம், தேவையில்லை என்றார். டாக்ஸிக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார். காதர் பாய் கடைசிக் கட்டை எடுத்துவர மாஹிம் பக்கம் வண்டியைத் திருப்பினார்.